அப்பாருவின் ஒன்றாம் நம்பர் லாரி

இந்த ஊரில் வாயைத் திறந்தால், "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்கள். போன வாரம் லிஃப்டில் கூட வந்த பெரியவரிடம், ஏதாவது பேச வேண்டுமே என்று, இன்றைக்குக் குளிர் ஜாஸ்தி என்றேன். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்றார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானும் முறைத்தேன். அவர் பாவம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். மூன்றாம் மாடி வருவதற்குள் கைபேசியை எடுத்து, நேற்றைவிட இன்று குளிர் குறைவுதான் என்று நிரூபித்துவிட்டு இறங்கிப் போனார். நம் பக்கத்தில் யாரும் மனிதனை இப்படிப் படுத்துவதில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்று, இந்த பஸ் ராசிபுரம் போகுமா என்று கேட்டால், அந்த பஸ்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத நாலு பேர் "போவுமுங்க, ஏறுங்க" என்பார்கள். நாமும் ஏறிவிடுவோம். பெரும்பாலும் அது போகவும் செய்யும்.

நான் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் ஹவுஸ்மைஸ்டர். பெயரைக் கேட்டுவிட்டு ஊரில் சிலர் நான் பாடம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தியதில்லை. வேலை என்னவென்றால் சாவிகள், பல்புகள், ஹீட்டர், ஒழுகும் குழாய். மூன்றாம் மாடியில் வரலாற்றுத் துறை. அங்கே காபி மெஷினைச் சரி செய்து கொடுத்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டு மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி நிலைத்துவிட்டது. எதிரே இரண்டு பேராசிரியர்கள் உட்காருவார்கள். ஹெல்கா பழைய புகைப்படங்களை ஆராய்கிறவர், எதைச் சொன்னாலும் சந்தோஷப்படுவார். ப்ரூனோ மடாலயங்களின் பழைய பத்திரங்களைப் படிக்கிறவர், எதைச் சொன்னாலும் சந்தேகப்படுவார். என் தயிர் சாதத்தையே, இது நேற்றையதா இன்றையதா என்று முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்ன மனிதர்.

இவர்களிடம்தான் எங்கள் வீட்டுப் படம் போய் மாட்டியது. எங்கள் பக்கத்தில் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்போம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் முதன்முதலில் லாரி வாங்கியவர் எங்கள் அப்பாரு. அதற்கு அத்தாட்சி, லாரி முன்னால் விறைப்பாக அவர் நிற்கும் ஒரே ஒரு புகைப்படம். அந்த லாரி எப்போதோ விற்றுப்போயிற்றாம். அந்த லாரி இல்லாததால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் படத்தையே இறக்கி, சக்கரத்துக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சட்டத்தின் அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைப்போம். கண்ணாடி உடைந்த பிறகு சந்தனம் நேராகப் படத்தின் மேலேயே ஏற ஆரம்பித்து, லாரிக்குக் கீழ்ப்பாதியே இல்லாமல் போய்விட்டது.

சாந்தி அக்காதான் அந்தப் படத்தை என்னிடம் கொடுத்து அனுப்பினாள். அக்கா நாலு லாரி வைத்து ஓட்டுகிறவள். சுற்றுப்பட்டு லாரிக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சிறிய சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். பொம்பளைக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது ஆரம்பித்தால், "மொதல் லாரி யாரு ஊட்டு லாரிங்க?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவாள். அந்தப் படம்தான் அவளுக்கு லைசென்ஸ். இப்போது சங்கத்துக்குப் புதுக் கட்டடம். முதல் லாரிக் குடும்பம் என்று அவளையே குத்துவிளக்கு ஏற்றச் சொல்லி, படத்தையும் உள்ளே மாட்டப் போகிறார்கள். தங்கவேலு என்பவர் மட்டும், முதல் லாரி எங்கள் குடும்பத்தினுடையது என்று முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அப்பா காலத்திலிருந்தே போக்குவரத்து கிடையாது. "உங்க காலேஜுல பழைய காயிதம் பாக்கறவிங்க இருக்கறாங்கன்னயே, குடுத்து நல்லாத் தொடச்சுக் கொண்டா சாமி" என்றாள் அக்கா.

மேஜையில் படத்தை வைத்தேன். ப்ரூனோ முட்டைக்கோஸைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்தார்.

"இந்த மஞ்சள் கறை என்ன ரசாயனம்?"

"சந்தனம். லாரிக்குப் பூஜை."

"இது லாரி இல்லை. லாரியின் படம்."

"லாரியை விற்றுவிட்டோம். அதனால் படத்துக்கு." எலுமிச்சம்பழத்தையும் சொன்னேன். சக்கரம் ஏறி நசுக்கினால் கண்திருஷ்டி போகும் என்று விளக்கினேன்.

"இந்தச் சக்கரம் இதுவரை எதையாவது நசுக்கியிருக்கிறதா?"

"இல்லை. கடைசியில் ஜூஸ் போட்டுக் குடித்துவிடுவோம்."

ஹெல்கா சந்தோஷமாக அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் பரம்பரையில் முதன்முதலாக ஆவணத்தில் ஏறியது எலுமிச்சை ஜூஸ்தான். நான் விடவில்லை. நம்பர் பிளேட்டைப் பாருங்கள், 1 என்று போட்டிருக்கிறது, முதல் லாரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்றேன். "அப்படியானால் இரண்டாம் நம்பர் லாரி யாரிடம் இருந்தது?" என்றார் ப்ரூனோ. மூன்று தலைமுறையில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. அதோடு நிற்காமல், "மன்னியுங்கள், உங்கள் தாத்தாவை நான் நம்பவில்லை" என்றார்.

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். தயிர் சாத டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் ப்ரூனோ அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அதற்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஹெல்காதான் கீழே வந்து என்னைச் சமாதானம் செய்தார். நம்பவில்லை என்றால் திட்டு இல்லையாம், அது அவர்கள் தொழிலில் முதல் படியாம். ப்ரூனோ தன்னுடைய பிறந்த தேதியையே இரண்டு பத்திரங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டாராம். படத்தை எடுத்தவர் யார், யார் கேட்டு எடுத்தார், எதற்காக எடுத்தார் என்று மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் இதுவரை கேட்ட ஒரே கேள்வி, படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மூவரும் உட்கார்ந்து, பஞ்சும் பிரஷுமாகச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தோம். முதலில் சக்கரத்தின் நடுவில் ஒரு மடிப்பு தெரிந்தது. லாரி டயரில் எங்கே மடிப்பு வரும்? இன்னும் சுரண்டினோம். லாரி நின்ற ரோடு தரைக்கு ஒரு சாண் உயரத்திலேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே துணியின் ஓரத் தையல், அதன்மேல் காற்றுக்குப் பறக்காமலிருக்க வைத்த இரண்டு செங்கல். செங்கல்லுக்கு இந்தப் பக்கம் அப்பாருவின் வெறுங்கால். திருவிழாவில் போடுகிற போட்டோக் கடையில், திரையில் வரைந்த லாரி முன்னால் நின்றிருக்கிறார் மனிதர். நாங்கள் மூன்று தலைமுறையாகத் துணிக்குச் சந்தனம் பூசியிருக்கிறோம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவிடம் என்ன சொல்வேன்? பொய்ப் படம் என்று முனகினேன். ஹெல்கா விடவில்லை. "அப்படிச் சொல்லாதீர்கள். அந்தக் கடையில் வேறு என்ன திரைகள் இருந்திருக்கும்?" அரண்மனை, நிலா, பூந்தோட்டம், ஏரோப்ளேன் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுக்கினேன். "இத்தனையையும் விட்டுவிட்டு அவர் ஏன் லாரி முன்னால் நின்றார்?" என்றார். தெரியவில்லை என்றேன். ப்ரூனோ எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தெரியவில்லை என்று சொன்னதற்காக என்னை யாரும் அதுவரை பாராட்டியதில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக ஊருக்குப் போய் இறங்கினேன். வழியில் ராசிபுரத்தில் வெண்ணெய் காய்ச்சும் வாசம் வந்த ஒரு கடையில் நெய் கேட்டேன். "சுத்தமான நெய்யுங்க" என்றார் கடைக்காரர். பழக்கதோஷத்தில், "எத வெச்சுங்க சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் தூக்குப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, "ஏனுங், ஊட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்றார். ஒண்ணுமில்லீங்க என்று இரண்டு தூக்கு நெய் வாங்கிக்கொண்டேன்.

அக்காவின் லாரி ஆபீஸில் அவள் முன்னால் படத்தை வைத்து, மடிப்பையும் செங்கல்லையும் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"உன்னயத் தொடச்சுக் கொண்டாரச் சொன்னா, லாரியவே தொடச்சுட்டு வந்து நிக்கற. பல்பு மாட்டற வேலைக்குத்தான போன, உனக்கெதுக்குடா இந்த ஆராச்சி?"

"அக்கா, பழையபடி சந்தனத்தப் பூசிப்போட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேடா." அவள் குரல் இறங்கிவிட்டது. "நாளானைக்கு மேடையில நான் எதச் சொல்லி நிப்பேன்? தங்கவேலு அண்ணன் சிரிக்க மாட்டாரா?"

அரண்மனையும் நிலாவும் இருக்க அப்பாரு ஏன் லாரி முன்னால் நின்றார் என்று ஹெல்கா கேட்டதை மட்டும் சொன்னேன். அக்கா ஜன்னலைத் திறந்து, வெளியே டயர் கழற்றிக்கொண்டிருந்த டிரைவரைச் சும்மா நாலு திட்டு திட்டினாள்.

விழாவன்று கட்டடத்துக்கு வெளியே அப்பாருவும் லாரியும் ஆளுயரத்துக்கு மேலே ஃப்ளெக்ஸில் நின்றார்கள். அது அக்கா முன்பே கைபேசியில் எடுத்து அடித்தது, சந்தனத்தோடு. உள்ளே விளக்கேற்றக் கூப்பிட்டதும் அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சங்கதி சொல்லோணுமுங்க. எங்க அப்பாருகிட்ட லாரி இல்லீங்க. இது துணியில வரஞ்ச லாரி. அவரு ராசிபுரத்து நெய் டின்ன மாட்டு வண்டியில சேலத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போனவரு. அந்தப் போட்டோக் கடையில அரமன இருந்திருக்கும், நெலா இருந்திருக்கும். மாடு ஓட்டுன மனுசன் லாரி முன்னாலதான் நிப்பேன்னு நின்னிருக்கறாரு. அவரு ஆசப்பட்டாரு, எங்கப்பா வாங்குனாரு, நான் ஓட்டறேன். மொதல் லாரி எங்குளுதில்லீங்க. வெளக்க வேற ஆரையாச்சும் ஏத்தச் சொல்லுங்க."

தங்கவேலு எழுந்தார். நேராக மேடைக்குப் போய்ப் படத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்துத் தேய்த்துத் தேய்த்து எதையோ தேடி, அக்காவிடம் நீட்டினார்.

"இது எங்கூட்டுப் படமுங்க" என்றார். "எங்கூட்டு லாரியும் இதேதானுங்க. நம்பரு ஒண்ணு."

"செங்கல்லு இருக்குதுங்களா?" என்றாள் அக்கா.

"சந்தனத்துல ஒண்ணுந் தெரியலீங்க."

அவர் இறங்குவதற்குள் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, தன் மாமனார் வீட்டிலும் ஒன்றாம் நம்பர் லாரி இருப்பதாகச் சொன்னார். நடுவில் இன்னொருவர் எழுந்தார். ஆக, ஒரே துணி லாரியை நாலு குடும்பம் வாங்கி, நாலு குடும்பமும் விற்றிருக்கிறது. சங்கத் தலைவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கட்டடமே சிரித்தது. அது அடங்கியதும், அப்படியானால் விளக்கை யார் ஏற்றுவது என்று வழக்கம்போல ஒரு சண்டை ஆரம்பித்தது. தங்கவேலு கையை உயர்த்தி, "சாந்தியே ஏத்தட்டுமுங்க. நம்ம நாலு பேருல நெசத்த மொதல்ல சொன்னது அதுதான" என்றார். அக்கா ஏற்றினாள். மின்விசிறிக் காற்றில் மூன்று தீக்குச்சி வீணானது.

பிறகு எல்லோரும் வெளியே போய் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றார்கள், நாலு குடும்பமும், தங்கவேலுவும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில். வெளிநாட்டு போன் வைத்திருக்கிறவன் எடுக்கட்டும் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். காலை வெயில் என் முதுகில் அடித்தது. நான் எடுத்தேன். எடுத்து முடித்ததும் பந்தி போட்டுவிட்டதாக யாரோ சொல்ல, கூட்டம் கலைந்துவிட்டது.

திரும்பி வந்து மூன்றாம் மாடியில் அந்தப் படத்தைக் காட்டியபோது ஹெல்கா ஒவ்வொரு முகமாக விசாரித்தார். எல்லோருக்கும் பெயர் சொன்னேன். என் முகம் எங்கே என்று அவர் தேடியபோதுதான் எனக்கே உறைத்தது. இனி எவராவது ஹெல்கா மாதிரி ஒருவர் இந்தப் படத்தை எடுத்து வைத்து ஆராய்ந்தால், அன்றைக்கு அந்த இடத்தில் நான் இருந்தேன் என்று சொல்ல முடியாது. தரையில் ஒரு தலையும் இரண்டு தோளுமாக ஒரு நிழல் மட்டும் நீண்டு போய் அக்காவின் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தயிர் சாத டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். சங்கத்தில் இனி இந்தப் புதுப் படத்தைத்தான் மாட்டுவது என்று முடிவாகி, பெரிதாக அடிக்க சேலத்தில் கொடுத்திருக்கிறார்களாம். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, கீழே ஒரு நிழல் அசிங்கமாக விழுந்திருக்கிறது, அழித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்னக்கா சொன்ன?"

"அது எந்தம்பிங்க, இருந்துட்டுப் போவட்டும்னேன்."