ஜன்னலுக்கு வெளியே பத்தொன்பது

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், மாத்தளையில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, ஒட்சிசன் அளக்கும் கருவி ஒன்றைச் செய்தேன். வெளிநாட்டுக் கருவிகள் எங்கள் பக்கத்துச் சிறிய ஆசுபத்திரிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. நான் எடுத்துக்கொண்டது மாமனாரின் காதுக்கருவிக்குப் போடும் பொத்தான் மின்கலம். அதன் முதுகில் ஊசித்துளைகள் உண்டு. அவற்றின் வழியே உள்ளே போகும் ஒட்சிசன் கூடினால் மின்னோட்டமும் கூடும். ஒரு சிறிய மீற்றர் அதை இலக்கத்தில் காட்டும். "இன்னும் ஒண்டை எடுத்தீரெண்டால் நான் முழுச் செவிடன்தான்" என்று மாமனார் சொன்னது ஒரு திங்கட்கிழமை என்று என் நாட்குறிப்பு சொல்கிறது.

எல்லாவற்றையும் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியில் பொருத்தினேன். யுத்த காலம்; கம்பியும் மின்கலமும் மூடிய பெட்டிக்குள் கிடந்தால் சோதனைச் சாவடியில் என்ன பதில் சொல்வது? காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஒட்சிசன். எங்கள் முற்றத்தில் வைத்து மீற்றர் 21 காட்டும்வரை திருகாணியைத் திருப்பினேன். பிறகு யாரும் தொடாதபடி அதன்மேல் அரக்கு உருக்கி ஊற்றினேன். அந்த அரக்கில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் அழைப்பு இரத்தோட்டைக்கு மேலே, மலையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து ஆசுபத்திரியிலிருந்து வந்தது. அங்கே காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் பழைய இயந்திரம் ஒன்றே ஒன்று. தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பெரித்து நெஞ்சு கெட்டுப்போன ஒருவர் அதன் குழாயை மூக்கில் மாட்டியபடி படுத்திருந்தார்.

"குழாயில வர்ற ஒட்சிசன் நூத்துக்கு எண்பத்தஞ்சுக்குக் கீழ காட்டுனா மெஷின ரிப்பேருக்குக் கொழும்புக்கு அனுப்பணும். இவரக் கண்டிக்கு ஏத்தணும்" என்றார் தோட்டத்து டொக்டர்.

"கண்டி வேணாங்கய்யா" என்றார் நோயாளி. "போன தடவ சாவடியில வேன நிப்பாட்டி வச்சதுலயே பாதி உசிரு போயிருச்சு. மீதிய இங்கேயே வச்சிருக்கேன்."

குழாயில் கருவியைப் பொருத்தினேன். 83. மூன்று முறை பார்த்தும் அதேதான். '10.40 — 83' என்று நாட்குறிப்பில் பேனாவால் எழுதினேன். "மெஷின் பழுதெண்டுதான் நினைக்கிறன்" என்றேன். டொக்டர் கண்டிக்கு எழுதக் கடிதத்தாளை எடுத்தார்.

வார்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் மட்டும் பெட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சேர், இது வெறும் காத்துல எத்தன காட்டணும்?"

"இருபத்தொண்டு."

"காட்டச் சொல்லுங்க பாப்போம்."

அவளே ஜன்னலைத் திறந்து பெட்டியை வெளியே நீட்டினாள். மீற்றர் இறங்கி இறங்கிப் பத்தொன்பதில் நின்றது.

"எங்க மலைக் காத்தும் பழுதுதானா சேர்? அதையும் கட்டிக் கொழும்புக்கு அனுப்பிருவோமா?"

நோயாளிக்குச் சிரித்துப் புரையேறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலையேறினால் காற்று ஐதாகும், அடர்த்தி குறையும் என்று வருடாவருடம் வகுப்பில் சொல்பவன் நான். பங்கு அதே இருபத்தொன்றுதான். ஆனால் ஐதான காற்றில் துளைகளுக்குள் போகும் ஒட்சிசன் குறைவு. மாத்தளையில் அரக்கு வைத்த கருவி இங்கே எல்லாவற்றையும் குறைத்தே சொல்லும். குறை இயந்திரத்தில் இல்லை.

"பிள்ளை, கொண்டை ஊசி இருக்கோ?"

தலையிலிருந்து ஒன்றைக் கழற்றித் தந்தாள். அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஜன்னலருகே நின்று 21 வரும்வரை திருகாணியைத் திருப்பினேன். மறுபடி குழாயில் பொருத்தியபோது 92.

டொக்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நோயாளி என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "அப்ப நா இங்கதானே?"

"வேற எங்க போகப் போறீங்க? பேசாமப் படுங்க."

நாட்குறிப்பில் அந்த 83ஐ நான் வெட்டவில்லை. அதன்கீழ் '11.15 — 92' என்று இருக்கிறது. பிறகு செய்த பெட்டிகளில் அரக்கு கிடையாது; திருகாணி வெளியே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். மூடியில் ஒட்டும் தாளில் முதல் வரி: 'முதலில் ஜன்னலைத் திறக்கவும்.'