தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

அந்த லாண்டரியில் மூத்த மருமகளின் குரல்தான் முதலில் கேட்கும், அப்புறம்தான் இயந்திரங்களின் இரைச்சல். அழுக்குச் சட்டையைப் பிரித்ததுமே, "இந்த மனுஷன் சாப்பிடுறது பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு" என்பாள். அவள் கணவன் துணிகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். கொழுந்தன் துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வான். அவன் மனைவியும் இவளும் எதிரெதிர் மேசைகளில் இஸ்திரி போடுவார்கள். ஓரகத்திகள் இருவரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருப்பதைப் பார்த்துத் தெருவே மூக்கில் விரல் வைக்கும்.

"சண்டை போட அவ வாயைத் திறந்தாத்தானே!" என்று சிரிப்பாள் மூத்தவள்.

அந்த மழைக்காலத்தில் இளையவள் ஒன்றையே அடிக்கடி கேட்க ஆரம்பித்தாள்.

"அக்கா, ஏதோ கருகுற வாசனை வருதா?"

மூத்தவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பாள், ஒயரைத் தொட்டுப் பார்ப்பாள். எதுவும் கருகியிருக்காது. அதற்குள் இளையவளின் கண் சுவரில் போய்க் குத்தி நிற்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கொஞ்ச நேரத்தில், ஒன்றும் நடக்காததுபோல் காலரைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அப்படி நின்றதில் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு பழுப்பாகப் பொசுங்கிவிட்டது.

"எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போயிருந்த?"

இளையவள் சிரிக்கவில்லை. "நான் எங்கயும் போகலையே அக்கா."

மூத்தவள் அவள் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்தாள். ஆனாலும் வேலை தலைக்கு மேல் கிடந்தது. விட்டுவிட்டாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், "அக்கா, அந்த வாசனை" என்று தொடங்கிய இளையவள் முடிக்கவில்லை. தொண்டையிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. அது அவள் குரலே இல்லை. விறைத்துப்போய் அப்படியே சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கொழுந்தன் ஓடிவந்து அவள் தோளைத் தரையோடு அழுத்தினான்.

"நாக்கைக் கடிச்சிடுவா அண்ணி! வாயில எதையாவது வைங்க!"

மூத்தவள் சாப்பாட்டுக் கூடையிலிருந்த கரண்டியின் காம்பைப் பற்களுக்கு நடுவே திணித்தாள். முன்பல் ஒன்று உடைந்தது. இழுப்பு அடங்குவதற்குள் தண்ணீரையும் ஊற்றினாள். அது களகளவென்று தொண்டையில் சத்தம் போட்டது. இளையவளின் உதடு நீலம் பாரித்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள்: "வலிப்பு தானா அடங்கியிருக்கும்மா. நீங்க ஊத்தின தண்ணி நுரையீரலுக்குப் போயிருக்கு. இப்ப அதுக்குத்தான் வைத்தியம்."



தீயணைப்பு நிலையத்தில் ஞாயிறுதோறும் முதலுதவி வகுப்பு நடப்பதாக அதே நர்ஸ் சொன்னாள். மூத்தவள் போனாள். பயிற்சியாளர் ஒரு ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தினார்.

"அமுக்கிப் பிடிக்காதீங்க. வாயில எதுவும் வைக்காதீங்க, தண்ணியும்தான். இடிக்கிற சாமானைத் தள்ளிட்டு, தலைக்கு அடியில மெத்துனு ஏதாவது வைங்க. கழுத்துல இறுக்கிறதைத் தளர்த்துங்க. இழுப்பு தணிஞ்சதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்."

"அதுவரைக்கும் சும்மாவா பார்த்துட்டு இருக்கிறது?"

"பக்கத்துலயே இருக்கணும்மா. அதுதான் கஷ்டம்."

கருகல் வாசனையையும் அந்த வெறித்த பார்வையையும் பற்றி அவள் கேட்டாள். அவையும் வலிப்பாக இருக்கலாம், டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள் என்றார் அவர். எத்தனை தடவை கேலி செய்திருந்தோம் என்று எண்ணிக்கொண்டே மூத்தவள் வீடு திரும்பினாள்.

வந்ததும் திருப்புளியை எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாள்.

"குளிக்கிற இடத்துலகூட எனக்கு மானம் இல்லையா?" என்று கத்தினாள் இளையவள். அதன் பிறகு பேச்சில்லை. மூத்தவளும் தொணதொணப்பதை நிறுத்திவிட்டாள். பேசினால் அடுத்த அறையில் நடப்பது காதில் விழாதே. ஒரு டம்ளர் உருண்டால் போதும், எழுந்து ஓடுவாள். தன்னை வேவு பார்ப்பதாக இளையவள் புருஷனிடம் புலம்பினாள். கொஞ்ச நாளாக வலிப்பு வரவில்லையே என்று, ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த மாத்திரையையும் யாருக்கும் தெரியாமல் நிறுத்தியிருந்தாள்.

ஒரு காலையில் குளியலறையில் தொப்பென்று ஏதோ விழுந்தது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. மூத்தவள் கதவைத் தள்ளினாள். வடிகால் அடைத்துத் தேங்கிய தண்ணீரில் முகம் பதிய இளையவள் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பக்கவாட்டில் புரட்டினாள் மூத்தவள். வாளியை எட்டித் தள்ளினாள். தலைக்கு அடியில் துண்டைச் செருகி, காய்ந்த துப்பட்டியால் உடம்பை மூடினாள். பின்னாலேயே ஓடிவந்த கொழுந்தன் கால்களைப் பிடித்தான்.

"கையை எடு தம்பி! குழாயை மூடு. டைம் பாரு."

"நிக்கவே மாட்டேங்குது அண்ணி!"

"டைமைச் சொல்லு!"

"அஞ்சு தாண்டிடுச்சு."

"ஃபோன் போடு."

இளையவளின் தலை துண்டில் மோதி மோதித் துடித்தது. மூத்தவளின் இரண்டு கைகளும் சும்மா இருந்தன. அவற்றை அப்படியே வைத்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஊசி போட்ட பிறகுதான் இழுப்பு நின்றது.

இளையவள் பிழைத்து வந்தாள். மாத்திரையை மாற்றினார்கள். கொழுந்தனும் அந்த ஞாயிறு வகுப்புக்குப் போய்விட்டு வந்தான். ஒரு சாயங்காலம் விரிப்பு ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்கும்போது இளையவள் கேட்டாள்:

"அந்த நேரத்துல நான் எப்படிக்கா இருப்பேன்?"

"உள்ளேர்ந்து யாரோ உலுக்குற மாதிரி இருப்ப. பார்க்கவே பயமா இருக்கும்."

"அப்புறம் ஏன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்த?"

"கண்ணு முழிச்சதும் முதல்ல உன் புருஷன் மூஞ்சியைப் பார்த்தா நீ மறுபடி மயங்கிடுவேடி."

இருவரும் சிரித்தார்கள். இளையவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"மறுபடி வருமாக்கா?"

மூத்தவள் விரிப்பின் முனைகளைச் சேர்த்தாள். இனி வராது என்று எந்த டாக்டரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"வந்தா நான் இருக்கேன்" என்றாள்.