கடைசி நாற்பது மீட்டர்

நாள் முழுவதும் துறைமுகத்தின் குளிர்ந்த தண்ணீரில் கிடப்பவர், வீட்டுக்கு வந்தால் வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டார். அதனால் கரையில் எல்லோருக்கும் அவர் வெந்நீர்க்காரர். இருபத்தாறு வருடமாக முக்குளிப்பவர். கப்பலின் அடியில் சிக்கிய வலையை அறுப்பார், அறுந்து விழுந்த நங்கூரத்தைத் தேடி எடுப்பார், சுவர்களைத் தடவிப் பார்த்து எங்கே விரிசல் என்று சொல்வார். மேலே படகிலிருந்து அவருடைய உயிர்க்கயிற்றையும் காற்றுக்குழாயையும் பிடித்திருப்பவர் அவர் மனைவி. முன்பு கயிறு பிடித்த ஆள் வேலை நேரத்தில் தூங்கிவிட்டார் என்று தெரிந்த மறுநாளே அந்த அம்மாள் படகில் வந்து உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவேயில்லை. "வீட்டுல என் பேச்சு எடுபடல. இங்க நான் இழுத்தா மனுஷன் வந்துதானே ஆகணும்" என்பார்.

பழைய துறைக்குக் கப்பல்கள் வருவது நின்று பல வருடமாகியிருந்தது. அங்கிருந்த கிடங்குகளைக் கடல் வரலாற்றுக் காட்சிக்கூடமாகவும் வகுப்பறைகளாகவும் மாற்ற நகராட்சி முடிவெடுத்தது. கூரைகளுக்குப் புது ஓடு வந்தது. துருப்பிடித்த பாரந்தூக்கிக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். சரக்கை எடை போட்ட அறையில், பிள்ளைகள் கயிற்றில் முடிச்சுப் போடப் பழக நீண்ட மேசைகளைப் போட்டார்கள். தண்ணீரை ஒட்டிய மேடை திறந்தவெளி வகுப்பாகப் போகிறது. அந்த மேடையைத் தாங்கும் கல்சுவருக்கு வயது நூறுக்கும் மேல். அது இன்னும் உறுதியாக இருக்கிறதா என்று அடியில் போய்ப் பார்க்கும் வேலை வெந்நீர்க்காரருக்குக் கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. ஒப்பந்த நிறுவனத்தில் மேற்பார்வையாளன்.

சுவரின் நீளம் நூற்றெண்பது மீட்டர். மூன்று நாளில் நூற்று நாற்பதை முடித்தார். நான்காம் நாள் காதுக்குள் குத்தல் எடுத்தது. பக்கத்தில் தூர் வாரியதில் தண்ணீர் கலங்கி, நீட்டிய கைகூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஓரிடத்திலேயே தொங்கிவிட்டு மேலே ஏறிவிட்டார். மைத்துனன் காகிதத்தோடு நின்றிருந்தான்.

"மாமா, தளம் போடறவங்க நாளைக்கு வர்றாங்க. இன்னிக்கே கையெழுத்து வேணும்."

முழுச் சுவரும் பார்க்கப்பட்டது, குறை ஏதும் இல்லை என்ற வரிக்குக் கீழே வெந்நீர்க்காரர் கையெழுத்துப் போட்டார். அத்தனை வருடத்தில், பார்க்காததைப் பார்த்தேன் என்று அவர் எழுதிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பத்து வாரம் கழித்துத் திறப்பு விழா. காலை பத்து மணிக்கு முந்நூறு பள்ளிப் பிள்ளைகள் அந்த மேடையில் உட்காரப் போகிறார்கள். ஆறரை மணிக்கு, அலங்கார மிதவைகளைக் கட்டிய கயிறுகளைச் சரிபார்க்கக் கணவனும் மனைவியும் படகில் போனார்கள். ஓதம் இறங்கி, கடல்மட்டம் தாழ்ந்துகொண்டிருந்தது. சுவரின் கடைசிப் பகுதியிலிருந்து தேநீர் நிறத்தில் ஒரு கோடு தண்ணீரில் நீண்டுகொண்டே வந்தது. சுவருக்குப் பின்னால் இருக்க வேண்டிய மண் வெளியே வந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு இந்தப் பக்கம் நீங்க போகலதானே?" என்றார் மனைவி.

அவர் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"கயிறு என் கையிலதாங்க இருந்துச்சு. எவ்வளவு விட்டேன்னு எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

"நீயாவது கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும். என் மேலயும் தப்புதான். இப்ப இதை மாட்டுங்க." முகமூடியை நீட்டினார்.

கீழே அவர் விரல்கள் கல் கல்லாகத் தடவிக்கொண்டு போயின. ஓரிடத்தில் கல் இல்லை. கையை நுழைத்தார். முழங்கை போயிற்று, தோள் வரை போயிற்று. உள்ளே எதுவும் தட்டுப்படவில்லை. விளக்கை உள்ளே காட்டினால் வெளிச்சம் எதிலும் போய் முட்டவில்லை. அந்த நேரத்தில் மேலே இருந்த கல் ஒன்று சறுக்கி அவர் தோள்மேல் உட்கார்ந்தது. விளக்கு நழுவி விழுந்தது. மற்றொரு கையால் கல்லைத் தாங்கினார்; விட்டால் அது நெஞ்சில் இறங்கும்.

இடுப்பில் கயிறு ஒருமுறை இழுபட்டது. நலமா என்று மனைவி கேட்கிறார். பதிலுக்கு இழுக்கக் கை இல்லை. மறுபடி ஒரு இழுப்பு. பதில் வராவிட்டால் மேலே இழுத்துவிட வேண்டும் என்பதுதான் இருவருக்கும் ஏற்பாடு. இழுத்தால் கல்லும் கூடவே வரும். அவர் மூச்சை முழுக்க விட்டு உடம்பை ஒடுக்கினார். தோல் உரிய உரியத் தோளை அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தார். கயிறு விறைக்கத் தொடங்கியபோதுதான் அவர் கை அதை எட்டிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது.

அவர் தண்ணீருக்கு மேலே வந்தபோது மேடையில் மைத்துனன் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, நாற்காலியை எல்லாம் எடு. அடியில மண்ணே இல்ல."

அவன் ஓரத்துக்கு வந்து குனிந்தான். "மெதுவா பேசுங்க மாமா. மேல ஒரு விரிசல் இல்ல. ரெண்டு மணி நேரம்தான், சாயங்காலமே நான் ஆள் வெச்சு அடைச்சிடறேன்."

"முந்நூறு பிள்ளைங்கடா."

"நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்ததே நீங்கதானே? இப்ப மாத்திச் சொன்னா உங்க லைசென்ஸ் போகும், என் வேலை போகும். அக்கா, நீயாவது சொல்லேன்."

"சொல்றேன்" என்றார் அக்கா படகிலிருந்து. "நாற்காலியை எடு."

வாசலில் முதல் பேருந்து வந்து நின்றது. வெந்நீர்க்காரர் தண்ணீர் சொட்டச் சொட்ட காட்சிக்கூடத்தின் இயக்குநர் அறைக்கு ஓடினார். அந்த அம்மையார் முன்பு கப்பலில் அதிகாரியாக இருந்தவர்.

"மேடம், நான் எழுதிக் கொடுத்தது பொய். கடைசி நாற்பது மீட்டர் நான் பார்க்கவே இல்ல. இப்பதான் பார்த்துட்டு வர்றேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "எந்த இடம்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.

மேடையில் நின்றிருந்த நகராட்சிப் பொறியாளர் சிரித்தார். தளம் ஒரு நூல்கூட இறங்கவில்லையே என்றார். "ஒரு கல்லை மட்டும் எடுத்துப் பார்ப்போம்" என்றார் இயக்குநர். இரண்டு பேர் கடப்பாரையால் தளக்கல்லை நெம்பி எடுத்தார்கள். கீழே சிமெண்டுப் பூச்சு. அதற்குள் வாசலில் நான்கு பேருந்துகள் நின்றன. பிள்ளைகளின் இரைச்சல் மேடைவரை கேட்டது. ஒருவர் பூச்சின்மேல் ஓங்கிக் குத்தினார். கடப்பாரை கையை விட்டு உள்ளே போய்விட்டது. ஒரு கணம் கழித்துக் கீழே தண்ணீரில் 'தொளக்' என்று விழும் சத்தம் வந்தது.

யாரும் ஓடவில்லை. வந்த வழியே, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, பின்னால் நகர்ந்தார்கள்.

அன்று பிள்ளைகள் கிடங்குக்குள் உட்கார்ந்து முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு வீடு திரும்பினார்கள். நான்காம் நாள், பெரிய ஓதம் இறங்கியபோது, வேலி போட்டிருந்த மேடையில் பதினோரு மீட்டர் அப்படியே உள்ளே போயிற்று. கீழே ஒருவரும் இல்லை.

விசாரணையில் வெந்நீர்க்காரர் எதையும் மழுப்பவில்லை. ஒரு வருடம் உரிமம் போயிற்று. அந்த வருடம் முழுவதும் அதே காட்சிக்கூடத்தின் பின்கட்டில் உட்கார்ந்து காட்சிக்கு வைக்க இருந்த பழைய சங்கிலிகளின் துருவைச் சுரண்டினார். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து சுரண்டினார். எட்டு மாதத்தில் சுவரைப் புதிதாகக் கட்டி காட்சிக்கூடத்தைத் திறந்தார்கள்.

மைத்துனனுக்கு வேலை போனது. ஏறக்குறைய இரண்டு வருடம் அவன் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஒருநாள் வந்தான். தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அன்னிக்கு நான் கையெழுத்துக்கு அவ்வளவு அவசரப்படுத்தியிருக்கக் கூடாது, மாமா" என்றான்.

"கையெழுத்துப் போட்டது நான்தானே" என்றார் வெந்நீர்க்காரர். "சாப்பிட்டுப் போ. உங்கக்கா எழுந்து கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.