அறுபதடியாரின் சொந்த வாசல்

நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் அந்த அளவையருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. ஊருக்கு அவர் அறுபதடியார்.

பரபரப்பான சாலையில் இரண்டு கேட்டுகளுக்கு நடுவே அறுபது அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. குறைந்தால், பிந்திக் கட்டியவர் தன் கேட்டை அடைத்துவிட்டுப் பக்கத்து கேட்டைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அல்லது பின் தெரு வழியாகப் போக வேண்டும். இந்த விதியை எழுதியவர்களே மறந்துவிட்ட பிறகும், டேப்பும் கையுமாக அதைக் கட்டிக் காத்தவர் அவர். ஓர் அங்குலம் குறைந்ததற்காகப் பல் டாக்டரின் கேட்டையே அடைத்தார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நோட்டீஸை கேட்டில் ஒட்டி, உரிமையாளரை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பது அறுபதடியாரின் வழக்கம். “சிரிக்காதீங்க, இது ஆவணம்” என்பார். யாருக்கும் சிரிக்கும் உத்தேசம் இருந்ததில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் அப்படிப் படத்துக்கு நின்றவர் ஒரு டயர்க்கடைக்காரர். அறுபதடியாருடைய மனைவியின் உடன்பிறந்த தம்பி. பக்கத்து வீட்டுக்காரரும் கூட.

“மாமா, சொந்தக்காரனுக்காகக் கொஞ்சம் கண்ண மூடிக்கக் கூடாதா?”

“கண்ண மூடினா டேப்புல நம்பர் தெரியாது மச்சான்.”

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

மெயின் ரோட்டில் பதினான்கு கேட்டுகள் அடைபட்டன. எல்லோருக்கும் அவர் பெரிய மனதோடு பின் தெருவைக் காட்டினார். அந்தப் பின் தெருவில்தான் தன் வீடு இருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. டயர் லாரியும் பல்வலிக்காரர்களும் அவர் வாசலை உரசிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். கடைசியில் மேலதிகாரி கூப்பிட்டார்.

“அந்தத் தெருவுல காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் வண்டிய எண்ணுங்க. மூவாயிரத்தத் தொட்டா அதுவும் பரபரப்புச் சாலைதான்.”

அறுபதடியார் மனதுக்குள்ளேயே டேப்பை விரித்தார். அவர் கேட்டுக்கும் மச்சான் வீட்டு கேட்டுக்கும் நடுவே பன்னிரண்டே அடி. பிந்திக் கட்டியவர் அவர்தான். கணக்கு மூவாயிரத்தைத் தொட்டால், பேச்சில்லாத மச்சானின் கேட் வழியாகத்தான் ஆயுள் முழுக்கத் தன் வீட்டுக்குப் போக வேண்டும்.

“நடுவுல ரெண்டு தும்மல் போட்டா பத்து வண்டி போயிடாதா?” என்று மனைவி யோசனை சொன்னாள்.

“எழுதிட்டுத்தான் தும்முவேன்.”

தெரு முனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. தெரு வெறிச்சோடியது. காலித் தெரு இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

ஐந்து நிமிடம் மிச்சமிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் வந்தது. மருந்துக்கடை வேலை முடிந்து வந்த மனைவி. அறுபதடியார் பாய்ந்து எழுந்து கையைக் காட்டினார்.

“மூவாயிரமாவது நீதான். கோட்டத் தாண்டாத, அங்கயே நில்லு!”

வண்டியை நிறுத்தக் கூடாது என்று விதியில் எங்குமே இல்லை. மனதுக்குள் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டார்.

அவளுக்குப் பின்னால் டயர்க்கடை வேன் வந்து நின்றது. மச்சான் தலையை நீட்டினார்.

“அக்கா, நட்டநடுத் தெருவுல என்ன தவமா?”

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கூட்டரைச் சுற்றிக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போல மெதுவாகக் கோட்டைத் தாண்டி, நாற்காலி பக்கத்தில் நிறுத்தினார்.

“மாமா, என்னை எண்ணிட்டீங்களா?”

ஐந்து ஐம்பத்தெட்டு. வேறு யாரும் பார்க்கவில்லை. அறுபதடியார் இன்னொரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கோடு போட்டார்.

“எண்ணிட்டேன்.”

ஒன்பது வருடத்தில் அவர் மச்சானிடம் பேசிய முதல் வார்த்தை.

மறுநாள் தன் கேட்டில் தானே நோட்டீஸ் ஒட்டிவிட்டு விறைப்பாக நின்றார். படம் எடுத்த மனைவி “சிரிக்காதீங்க, இது ஆவணம்” என்றதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது.

கொத்தனார் செங்கல் வைத்து அடைத்த அன்று மாலை, அறுபதடியார் தலையைத் தொங்கப்போட்டு, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு மச்சானின் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். மச்சான் ஆற அமர வந்தார்.

“தெறந்துதான் இருக்கு, வாங்க மாமா. ஆனா ரெண்டு வீட்டுக்குப் பொது கேட்டுன்னா பதினாறடி அகலம் வேணும்னு உங்க விதில இருக்காமே? இது கொஞ்சம் குறையும்னு தோணுது.”

அறுபதடியாரின் முதுகு நிமிர்ந்தது. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து டேப் வெளியே வந்தது.

“அந்த முனையப் பிடி மச்சான்.”

மச்சான் பிடித்தார். மூன்று அங்குலம் குறைந்தது.

“நோட்டீஸ் ஒட்டணுமே” என்றார் அறுபதடியார், ஒன்பது வருடத்தில் காணாத உற்சாகத்தோடு.

“தாராளமா ஒட்டுங்க. ஆனா இப்ப இது உங்க கேட்டுந்தான். போட்டோவுல என் பக்கத்துல நீங்களும் நிக்கணும்.”