தூதன் வரவு மட்டும்

எல்லாக் கூத்தும் ஒரே கூத்துத்தான் என்பது அந்தக் காலத்தில் என் கண்டுபிடிப்பு. வடமோடிப் பாணியானாலும் தென்மோடிப் பாணியானாலும் ஓர் அரசன் இருப்பான். அவனுக்குக் கோபம் வரும். இளவரசி தோழியரோடு பூங்காவனம் போவாள். அங்கே பூவைத் தவிர மற்றதெல்லாம் பறிபோகும். இளவரசன் வாளெடுப்பான், தாய் மறிப்பாள், அவன் கேட்கமாட்டான். பிறகு ஒரு தூதன் ஓடி வருவான். அவன் கொண்டுவரும் சேதி வடமோடியில் பெரும்பாலும் சாவு, தென்மோடியில் பெரும்பாலும் கல்யாணம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தூதன் எப்போதும் நான்தான். என்னை அரசனாக்கினால் சபை சிரிக்கும் என்று கூத்துப் பழக்கிய அண்ணாவியார் பயந்தார். தூதனாக வந்தபோதும் சிரித்தார்கள்.

சண்டை ஓய்ந்த அடுத்த வருடம் எங்கள் ஊரில் மறுபடி கூத்துக் களரி கட்டினோம். அரசர்கள் இடுப்பில் கட்டும், கூடைபோல் விரிந்த கரப்பு உடுப்புகளைச் சுனாமி எப்போதோ வாவிக்குள் இழுத்துப் போயிருந்தது. அடியில் மீன்கள் அவற்றை உடுத்திக்கொண்டு கொலுவிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அரங்கேற்றம் முடிந்தால் வீடு வீடாகப் போய், வீட்டார் கேட்கும் கட்டத்தை முற்றத்தில் ஆடிக்காட்டுவது வழக்கம். வாவிக்கரை வீடொன்றுக்கு நாங்கள் வந்தபோது வெயில் சாய்ந்து, தண்ணீர் எது வானம் எது என்று தெரியாமல் கிடந்தது. அந்த வீட்டு மாமியின் மகன் சண்டையின் கடைசியில் காணாமல் போனவன். இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

"தூதன் வாற இடத்த ஆடுங்க," என்றார் மாமி.

மத்தளத்தில் அண்ணாவியாரின் கை நின்றது. நாங்கள் ஆடியது வடமோடி. இளவரசன் களத்தில் விழுந்தான் என்று நான் பாடவேண்டும். அவர் என் காதுக்குள் சீறினார்: "டேய், எல்லாம் ஒண்டு எண்டு அளந்தாய்தானே? தென்மோடிச் சேதியப் பாடு."

"தாளம் பிழைச்சுப் போகுமே அண்ணாவியார்."

"உனக்கு எப்படா பிழைக்காம இருந்தது?"

மாமிக்குக் காது கூர்மை. "அதுவும் வேணாம், இதுவும் வேணாம் மனே. வரவ மட்டும் ஆடு. சேதி சொல்ல வேணாம்."

ஆடினேன். சதங்கை குலுங்க முற்றத்தைச் சுற்றி வந்து, வாய் திறக்கவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வரும்வரை என்னைப் பார்த்திருந்த மாமி, நான் நின்றதும் வேலி வாசலின் கடப்படியைப் பார்த்தார்.

"இன்னொருக்கா," என்றார்.

மறுபடி வந்தேன். மறுபடியும். கால் ஒரு தாளத்திலும் வயிறு வேறொரு தாளத்திலும் போயின. ஒருவரும் சிரிக்கவில்லை, என் தொழிலுக்கே அது அவமானம். சதங்கைச் சத்தம் மட்டும் தண்ணீரின் மேல் எங்கோ தூரம் போய்க்கொண்டிருந்தது.

"மாமி, தூதன் களைச்சுப் போனான்," என்றேன்.

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "குடி மனே. மறுகா அந்தக் கடப்படியில இருந்து வா."

அண்ணாவியார் மத்தளத்தை மடிக்கு இழுத்தார். நான் கடப்படிக்குப் போய், வாவிக்கு முதுகைக் காட்டி நின்று, வரத் தொடங்கினேன்.