பீம் போடப் போன தாய்மாமன்

என் மகள் காதுகுத்துக்கு வர முடியாது என்று வெளிநாட்டிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, அன்னிக்குத்தான் எனக்கு பீம் குடுத்திருக்காங்க."

எங்களுக்கு பீம் என்றால் வீட்டுக்குப் போடும் கான்கிரீட்தான். "தாய்மாமன் மடிய விட அது பெரிசா? சிமெண்டு மறுநாள் கொட்டினா இன்னா?" என்று போனை வைத்துவிட்டேன்.

காதுகுத்துப் பந்தியில் தம்பி எங்கே என்று கேட்டவர்களிடம், "படிச்சவரு அங்க கட்டட வேலை செஞ்சிக்கினு கீறாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குப் பெண் தர இருந்தவர்கள் சிரிக்கவில்லை. மறுவாரமே வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

அவன் ஆராய்ச்சிக்கு வேண்டிய, எலக்ட்ரானை விரட்டி உண்டாக்கும் எக்ஸ்ரே லேசர்தான் பீமாம். விண்ணப்பித்துக் காத்திருந்தால்தான் அதைப் பயன்படுத்த ஐந்து நாள் கிடைக்குமாம். பிறகுதான் சொன்னான்.

அவன் வராத கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் சம்பந்தம் என் வாயால்தான் கெட்டது. அதை அவனிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.