சுண்டெலிக்கு வைத்த நெத்திலி

அந்தச் சுண்டெலியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டை விரல் அளவுதான் இருக்கும். அதைச் சாக்கு வைத்து எங்களை வீட்டை விட்டே கிளப்பப் பார்த்தார்களே, அதை நினைத்தால் இன்னும் ஒரு மடங்கு கூட வருகிறது.

எழுபதுகளின் கடைசி அது. டெல்லி மோதி பாகில் ஓர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஒற்றை அறையில் இருந்தோம். குவார்ட்டர்ஸ் எங்களுடையது இல்லை. என் கணவர் குமாஸ்தாவாகச் சேர்ந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் பெயருக்கு வீடு வருவதற்குள் எங்களுக்கு நரைத்துவிடும் என்று ஆபீஸில் கேலி செய்வார்களாம். ஏற்கெனவே வீடு கிடைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம், தங்கள் இரண்டு அறையில் ஒன்றையும், பின்பக்கம் அடைத்த வராந்தாவையும் எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தது. அப்படி விடுவது சட்டப்படி தப்பு. தெரிந்தால் அவர்கள் வீட்டையே சர்க்கார் பிடுங்கிக்கொள்ளும். ஆனாலும் தெருவில் பாதி வீடு அப்படித்தான் இருந்தது.

யாராவது வந்து விசாரித்தால் நான் வீட்டுக்கார மாமிக்குத் தங்கை. வெளி ஆள் முன்னால் 'மாமி' என்று வாய் தவறியும் கூப்பிடக் கூடாது, 'அக்கா' என்றுதான் கூப்பிட வேண்டும். இதை மாமியே முதல் நாள் எனக்குப் பாடம் நடத்தினார். நாங்கள் மதுரைப் பக்கம், மாமி கும்பகோணம். நான் 'வந்துருச்சு' என்பேன், அவர் 'வந்துடுத்து' என்பார். ஊரிலே என்றால் வாயைத் திறந்த மாத்திரத்தில் குட்டு உடைந்துவிடும். டெல்லிக்காரனுக்கு எல்லாரும் மதராஸிதான். அந்த ஒரு வசதி இருந்தது.

பாடத்தின் இரண்டாவது பகுதி சாப்பாடு. "ஆத்துக்குள்ளே மீன், மாமிசம், முட்டை, எதுவும் வரப்படாது. வாசனைகூட வரப்படாது. சரின்னா சாமானை எடுத்துண்டு வாங்கோ" என்றார் மாமி. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம். என் கணவர் ஞாயிற்றுக்கிழமையானால் சாணக்யபுரிப் பக்கம் கேன்டீனில் போய் மீன் குழம்பைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு வருவார். நான் ஒன்றரை வருஷம் ஒரு துண்டு கருவாட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். காரணம் என் மகள். முன்பு இருந்த இடத்தில் இந்திப் பள்ளிக்கூடத்தில் போட்டு, பிள்ளை ஒரு வருஷம் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தாள். மோதி பாகில் தமிழ்ப் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். வந்த பிறகுதான் வாய் திறந்தாள், சாயங்காலம் வந்து மூச்சு விடாமல் கதை சொன்னாள். அந்த அறை போனால் பள்ளிக்கூடம் போகும். வேறு எங்கே போய் அறை தேட?

அப்போதுதான் எலி வந்தது. ஊரிலிருந்து ரயிலில் புழுங்கல் அரிசி மூட்டை வந்திருந்தது. டெல்லி ரேஷன் பச்சரிசியில் இட்லி கல்லு மாதிரி வரும் என்று என் அம்மா அனுப்பி வைத்தது. மறு வாரம் மூட்டையின் அடியில் ஓட்டை. அப்புறம் சோப்பு, உருளைக்கிழங்கு, மகளுடைய ஸ்வெட்டரின் கழுத்து என்று ஒன்றையும் விடவில்லை. பட்டப்பகலில் என் கண் முன்னாலேயே அலமாரி மேல் நின்று மீசையைத் துடைத்துக்கொள்ளும். துடைப்பத்தைத் தூக்குவதற்குள், எங்கள் அறைக்கும் மாமி அறைக்கும் நடுவே பூட்டியிருந்த கதவுக்கு அடியிலிருக்கும் சந்தில் நுழைந்து அங்கிட்டுப் போய்விடும். அங்கே மாமி துரத்தினால் இங்கிட்டு வரும். இரண்டு வீட்டுக்கும் அதுதான் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

மாமி பஞ்சாயத்தை எளிதாக முடித்துவிட்டார். "இது உங்க ஊர் மூட்டையிலேர்ந்து வந்த எலி. நாங்க வந்து இத்தனை வருஷமாச்சு, ஒரு எலி கெடையாது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. டெல்லியில் எலிக்கா பஞ்சம்? பின்னால் சாக்கடை ஓரமாக ஊர்வலம் போகும். அதெல்லாம் மாமி கண்ணில் படவில்லை. எங்கள் மூட்டைதான் பட்டது.

"மாமி, எங்க பக்கம் தகரத்தை வச்சு அடைச்சிருக்கேன். அதை நெம்பிக்கிட்டு வருது. உங்க பக்கமும் ஒரு துணியைச் சுருட்டித் திணிச்சீங்கன்னா நல்லது" என்றேன், பணிவாகத்தான்.

"எலி உன்னோடது. துணியும் உன்னோடதாவே இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்கு இரவு என் கணவரிடம் கத்தினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "விடேன், வயசானவங்க" என்றார். நாற்பத்தைந்து வயசு மாமிக்கு என்ன வயசாகிவிட்டது? இந்த மனுஷருக்கு யார் மேலும் கோபமே வராது, என்னைத் தவிர.

சரோஜினி நகர் மார்க்கெட்டில் கம்பி வைத்த எலிப்பொறி வாங்கினோம். ஊர் வழக்கப்படி மசால் வடையைக் கொக்கியில் மாட்டினேன். எலி கிட்டேகூட வரவில்லை. தேங்காய் வைத்தேன். அதைக் கதவு விழாமல் நாசூக்காகக் கழற்றிக்கொண்டு போனது. எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரம்மா நெய் தடவின பராட்டாவை வை என்றார். பராட்டாவை எறும்பு தின்றது. மருந்து வைக்கலாம் என்றால் மாமி விடவில்லை. "பிள்ளையாரோட வாகனம், ஆத்துல சாகப்படாது" என்றார். துரத்துவதற்கு மட்டும் எங்கள் எலி, சாவதற்குப் பிள்ளையார் எலி!

மார்கழிக் குளிரில் ஒருநாள் மாமியின் பட்டுப்புடவை முந்தானையை அது கடித்துவிட்டது. புடவையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, அடுத்த வார்த்தை வரும் வரைக்கும்.

"தை பொறக்கறதுக்குள்ளே எலி போகணும். இல்லேன்னா நீங்க போகணும். மாமாகிட்டே சொல்லியாச்சு."

உள்வாடகைக்காரி எங்கே போய் முறையிடுவாள்? ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. தங்கை என்று சொல்லித்தானே குடியிருக்கிறேன்! அறைக்குள் போய் உட்கார்ந்தேன். மகள் தரையில் படுத்துக்கொண்டு தமிழ்ப் புத்தகத்தைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள். அலமாரி மேலிருந்து எலி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. வா, உனக்கு இருக்கு என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

ஊரில் எங்கள் வீட்டில் எலி பிடிக்க அம்மா வைப்பது நெத்திலிக் கருவாடு. அடுப்பில் வாட்டி வைத்தால் மூன்றாவது வீட்டு எலியும் வரும். அது எனக்கு முதல் நாளே தெரியும். வைத்தால் எலி போகும், வாசனை பிடித்தால் நாங்களும் போவோம். இத்தனை நாளும் அதற்குப் பயந்துதான் வடையும் பராட்டாவும் வைத்துக்கொண்டிருந்தேன். எப்படியும் போகத்தான் வேண்டும் என்று ஆன பிறகு என்ன பயம்? பஸ் பிடித்து ஐ.என்.ஏ. மார்க்கெட் போனேன். ஒரு மலையாளி கடையில் நெத்திலி வாங்கி, பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அதைத் துணிப்பையில் போட்டு, மேலே கொத்தமல்லிக் கட்டை வைத்து மூடிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து போய்விட்டாள்.

மாமி வெள்ளிக்கிழமை மத்தியானம் பஜனைக்குப் போவார். சாயங்காலம்தான் வருவார். அந்த நேரம் பார்த்து ஸ்டவ்வில் நெத்திலியை வாட்டினேன். அடேயப்பா, அந்த வாசனை! எனக்கே வாயில் நீர் ஊறியது. கொக்கியில் நூலால் இறுக்கிக் கட்டி, பொறியைக் கதவுச் சந்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜன்னலெல்லாம் திறந்து, ஊதுபத்தி ஏற்றி, முறத்தால் விசிறிக்கொண்டிருந்தேன்.

பஜனை அன்றைக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது. மாமி முற்றத்தில் கால் வைத்ததும் நின்றார். மூக்கைச் சுளித்தார்.

"என்ன நாத்தம் இது?"

"சாக்கடை மாமி" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அறைக்குள் டப்பென்று பொறி விழுந்தது.

இரண்டு பேரும் உள்ளே ஓடினோம். கம்பிக்குள் எலி. வால் வெளியே துடித்துக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் பொறியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து வெளிச்சத்தில் வைத்தேன். மாமி குனிந்து பார்த்தார். எலியைப் பார்த்தது ஒரு நொடி. அப்புறம் கொக்கியைப் பார்த்தார்.

"இது என்னடி?"

"கருவாடு" என்றேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"என் ஆத்துலயா? அடிப்பாவி! ஞாயித்துக்கிழமைக்குள்ளே மூட்டையைக் கட்டு. ஒரு நிமிஷம் இருக்கப்படாது!"

"எலி போகணும்னு சொன்னீங்க. போயிருச்சு. எப்படிப் பிடிச்சா உங்களுக்கென்ன? வடைக்கும் பராட்டாவுக்கும் அது வரலைன்னா நான் என்ன செய்ய? நீங்க ஒரு கந்தலைச் சுருட்டி அந்தச் சந்துல வச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?" ஒன்றரை வருஷத்துக் கோபமும் ஒன்றாகக் கொட்டியது. தெருவே கேட்டிருக்கும்.

வாசல் கதவு தட்டப்பட்டது. மாமி போய்த் திறந்தார். மஃப்ளர் சுற்றிய ஓர் ஆள், கையில் பை. வீட்டு இலாகாவிலிருந்து வருகிறேன், யார் யார் குடியிருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும் என்றார் இந்தியில்.

மாமியின் முகத்தில் ரத்தமே இல்லை. நேராக உள்ளே வந்த அந்த ஆள் என்னைக் காட்டி, "யே கௌன் ஹை?" என்றார். இது யார்?

"மேரா பெஹன்" என்றார் மாமி. என் தங்கை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மூட்டையைக் கட்டச் சொன்ன அதே வாய்!

அந்த ஆள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். பொறியைப் பார்த்தார்.

"மச்லி?"

மீனா என்று கேட்கிறார். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டிக்கொண்டு இந்தியில் அடுக்கினார். வெளியே பலகையில் பண்டிட் பெயர், அதாவது ஐயர் பெயர், எழுதியிருக்கிறது. பண்டிட் வீட்டில் மீன் எப்படி வந்தது? இரண்டு குடும்பம் இருக்கிறது என்று எனக்குத் தகவல். சொல்லுங்கள், இந்த மீன் யாருடையது? கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

என்னுடையது என்று சொன்னால் முடிந்தது கதை. மாமி வீடும் போகும், என் அறையும் போகும். இல்லை என்று சொல்லவும் வழியில்லை, என் கையெல்லாம் நெத்திலி வாசனை. மாமியைப் பார்த்தேன். கண்ணால் கெஞ்சினார். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்னும் கோபம்தான் வந்தது.

"தீதி ஸே பூச்சியே" என்றேன். அக்காவைக் கேளுங்கள்.

மாமி தொண்டையைச் செருமினார். பஜனைக்குப் போன குங்குமம் நெற்றியில் அப்படியே இருந்தது.

"ஹம்... காதா ஹை" என்றார். நாங்கள் சாப்பிடுவோம்.

"யார் சமைப்பது?"

"மை" என்றார் மாமி. நான்தான்.

அந்த ஆள் சிரித்துவிட்டார். எங்கள் தெருவில் வங்காளிப் பண்டிட்டும் சாப்பிடுகிறான், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று சொல்லி, ஏதோ எழுதிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

மாமி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய் அந்தக் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சொம்பு மேல் சொம்பாக ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் என் கணவர் வந்து, பாவம் என்று சொல்லி, எலியைப் பொறியோடு சைக்கிளில் வைத்து ரிங் ரோடுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் காலை நான் முற்றத்தில் துணி உலர்த்தும்போது மாமி வந்தார். தூணைப் பார்த்துப் பேசினார்.

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னது ஒரு கோவத்துல சொன்னது. இருங்கோ. ஆனா அந்த வஸ்து மட்டும் இனிமே ஆத்துக்குள்ளே வரப்படாது."

"அதெப்படிங்க அக்கா? நம்ம வீட்டுல எல்லாரும் சாப்பிடுவோம், நீங்கதான் சமைப்பீங்கன்னு சர்க்கார் ஃபைல்லயே ஏறிருச்சே. அந்த ஆள் திரும்பி வந்தா வாசனை வேணாமா?" என்றேன்.

மாமி விருட்டென்று உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூட்டை கட்டவில்லை. மிச்சமிருந்த நெத்திலியைச் சின்ன வெங்காயம் போட்டு வறுத்தேன். மகள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சரசரவென்று சத்தம் கேட்டது. அடுத்த எலியா என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். மாமி தன் பழைய புடவையைச் சுருட்டி, கதவுச் சந்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் திணித்துக்கொண்டிருந்தார்.